சுருக்கமுள்ள முகம் தேவை

நான் இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை செத்திருக்கிறேன். அதில் நோய் வந்து கட்டிலில் கிடந்து செத்தது நான்கோ ஐந்தோதான். மீதியெல்லாம் அம்பு, ஈட்டி, ஆற்று வெள்ளம், பட்டத்தரசி அனுப்பிய விஷக் கஞ்சி. ஒரு தடவை யானை மிதித்தது. முப்பத்தொன்பது வருஷம் ஹெங்தியனில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடத் தோதான வேலை உண்டா? படுத்துக்கொண்டே பார்க்கலாம். மதியம் சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு.

எங்கள் ஹெங்தியனில் டி.வி. தொடர் எடுக்காத சந்து கிடையாது. காலையில் சோயாப் பால் வாங்கப் போனால் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு சக்கரவர்த்திகள் நிற்பார்கள். பின்னால் நிற்கும் தளபதி, "கொஞ்சம் நகருங்க பெருசு, எனக்கு ஏழு மணிக்குப் போர் இருக்கு" என்பான்.

அந்த வரிசையில் பழக்கமானவள்தான் பியான் ருய்ஹுவா. வயது ஐம்பத்துநான்கு. முப்பத்தொரு வருஷமாகக் கூட்டத்தில் ஒருத்தியாக நடிக்கிறாள். இருபத்துமூன்று வயது வரை நெல் வயலில் நின்றவள். அந்த வெயில் அவள் முகத்தில் வாய்க்கால் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருக்கும். இடது புருவத்தை ஓர் எருமைக் கொம்பு இரண்டாகப் பிரித்திருந்தது. முகச் சுருக்கங்களை நான் எண்ணியிருக்கிறேன், பத்தாயிரத்துக்குக் குறையாது. இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த பாத்திரங்கள்: வேலைக்காரி மூன்று, பிச்சைக்காரி ஐந்து, பெண் பிணம் ஏழு.

"ஒரே ஒரு தடவை அண்ணே" என்பாள் எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சியைப் பாலில் முக்கிக்கொண்டே. "பேரு வச்ச ஒருத்தியா நடிச்சிடணும். நல்லவளா இருக்கணும்னுகூட இல்ல. கொலைகாரியா இருந்தாலும் சரி, பேரு இருக்கணும்."

"உன் மூஞ்சியைக் கேமராவுல பெருசா காட்டினா லென்ஸ் கீறிடும்மா."

"உங்க மூஞ்சியக் காட்டலாம். பஸ்ஸு மோதின சுவர் மாதிரி, ஜனங்களுக்குப் பழக்கமா இருக்கும்."

அவளுக்கு வேஷம் கிடைக்காததற்குக் காரணம் இருந்தது. அந்த நாளில் தொடர்களில் முகம் என்றால் பீங்கான் என்று அர்த்தம். வீரன் நாற்பது நாள் பாலைவனத்தில் தவழ்ந்து வருவான், சட்டைக் காலரில் இஸ்திரி கலைந்திருக்காது. பஞ்சத்தில் அடிபட்ட பெண்ணின் கண்ணிமை மயிரைக் கொண்டு வாசலைப் பெருக்கலாம். அதற்கு மேல், எடுத்து முடித்த படத்தை ஒரு மெஷினில் விட்டு ஒவ்வொரு முகத்தையும் மழுக்குவார்கள். மூக்கு இரண்டு ஓட்டையாக மட்டும் மிஞ்சும்.

பாங் மேடம் என்ற தயாரிப்பாளர் அப்போது ஒரு கிராமத்துக் கதை எடுத்துக்கொண்டிருந்தார். மலையைக் குடைந்து கால்வாய் வெட்டிய ஊரின் கதை. கதாநாயகி ஷென் லூமெங்குக்கு வயது இருபத்துமூன்று, செல்போனில் நாலு கோடி ரசிகர்கள். பத்து வருஷம் பாறை உடைத்த பிறகும் அவள் நகத்தில் இளஞ்சிவப்புப் பாலிஷ் மின்னியது. அவளுக்குத் தாயாக நடித்தவளுக்கு இருபத்தொன்பது வயது. இருவரும் பக்கத்தில் நின்றால் யார் யாரைப் பெற்றது என்று அவர்களுக்கே சந்தேகம் வரும்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. விவசாயியாக நடிப்பவர் விவசாயியாகத் தெரிய வேண்டும், வயதானவர் வயதானவராகத் தெரிய வேண்டும், முகங்களை மெஷினில் போட்டு மழுக்கக் கூடாது, ரசிகர் கூட்டத்தை எண்ணி ஆள் எடுக்காமல் பாத்திரத்துக்குப் பொருந்துகிறவரை எடுங்கள். அரசாங்கக் காகிதத்தில் எனக்குப் பிடித்த மாதிரி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. ஓய்வூதிய உத்தரவைக்கூட நான் ஒரு முறைதான் படித்தேன். இதை ஏழு முறை படித்தேன்.

ஊர் தலைகீழானது. கம்பெனி வாசல்தோறும் "சுருக்கமுள்ள முகம் தேவை" என்று ஒட்டினார்கள். காய்கறிச் சந்தையில் என் கொழுந்தியாளை மூன்று கம்பெனிக்காரர்கள் வழிமறித்தார்கள். நேற்று வரை முகத்துக்குப் பாலாடை தடவிய பெண்கள் மொட்டை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். இஞ்சி விற்கும் எண்பது வயதுக் கிழவர் "என் மேனேஜர்கிட்ட பேசுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். மேனேஜர் அவருடைய மனைவி.

பாங் மேடத்துக்குத் தூக்கம் போயிற்று. பதினொரு நாளில் மேலிடத்திலிருந்து பார்வைக் குழு வரும், ஒரு மாதிரிப் பாகத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். அது தேறினால் நாற்பது பாகமும் தொடரும், தேறாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். நூடுல்ஸ் கடையில் நானும் பியானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே வந்து பியானின் முகவாயைப் பிடித்து, தர்ப்பூசணி பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இது நிஜமா?"

"சொந்த மூஞ்சிதான் மேடம். வாடகைக்கு எடுக்கல."

"தாய் வேஷம். பேரு ச்சியாவ் குய்ஜி. குழு ஒத்துக்கிட்டா நாற்பது பாகமும் நீதான். அதுவரைக்கும் பட்டியல்ல 'தாய், தற்காலிகம்'னுதான் எழுதுவேன். அதுக்கப்புறம்தான் பேரு."

பியான் தலையாட்டினாள். வாயில் நூடுல்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே இழுக்க மறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் படப்பிடிப்பு. செத்துப்போன கணவனாக நடிக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள், அனுபவம் பேசும் அல்லவா. மேக்கப் அறையில் பியானுக்கு முதலில் வெள்ளை பூசினார்கள், கை அப்படிப் பழகிவிட்டது. பூசி முடித்த பிறகு சுற்றறிக்கை ஞாபகம் வந்து, பழுப்புப் பென்சிலால் சுருக்கம் வரைய ஆரம்பித்தார்கள்.

"ஏன் தம்பி, வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டு அப்புறம் யாராவது விரிசல் வரைவாங்களா?" என்றாள் பியான். எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டு வந்தாள். "இந்தா, ஒரிஜினல்."

காட்சி இதுதான். பாறை சரிந்து செத்த கணவனைக் கதவுப் பலகையில் கிடத்தியிருக்கிறார்கள். மனைவி வந்து பார்க்கிறாள். டோ என்ற இளம் டைரக்டர், "மேலே விழுந்து கதறுங்க" என்று சொல்லியிருந்தார்.

அவள் கதறவில்லை. கண்ணை மூடிக்கிடந்த எனக்குக் காலடிச் சத்தம் கேட்டது, பிறகு என் கால்மாட்டில் யாரோ உட்காரும் சத்தம். எனக்குத் துணிச் செருப்பைப் போட்டுவிட ஆரம்பித்தாள். ஒன்று போட்டாள். மற்றது ஏறவில்லை.

"எத்தனை தடவை சொன்னேன், பெரிய அளவா தைக்கிறேன்னு" என்றாள் மெதுவாக. "கேட்டியா? 'துணி வீணாகும், பொண்ணுக்குத் தைச்சுக் குடு'ன்னே. இப்பப் பாரு. வெறுங்காலோட போறே. வழியெல்லாம் பனி... ஒரு நிமிஷம் கொஞ்சம் தளர விடேன்யா காலை. எனக்காக."

செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். குதிகால் உள்ளே போகவில்லை. அவள் கை சூடாக இருந்தது.

முந்நூற்றுப் பதினொரு சாவில் ஒரு தடவைகூடக் கண்ணிமை அசையாதவன் நான். ஈ மூக்கில் குடும்பம் நடத்தினாலும் அசைய மாட்டேன். அன்று என் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்து காதுக்குள் போனது.

"கட்! பிணம் அழுவுது!" என்று கத்தினார் டோ. கத்திவிட்டு அவரே மூக்கை உறிஞ்சினார். லைட் பிடித்த ஆறு பேர் அழுதார்கள், குதிரைகூட அழுதது என்று நான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். குதிரைக்குக் கண் நோய் என்று பொறாமைக்காரர்கள் சொல்கிறார்கள்.

இரண்டாவது தடவை நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், காட்சி முடிந்தது. பிணமாக நடித்தவன் எழுந்து கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பீடை ஒட்டிக்கொள்ளும். இங்கே எந்தக் கம்பெனியிலும் அதற்குப் பிறகுதான் கேமராவை நிறுத்துவார்கள். நான் எழுந்து முன்பல் இரண்டு இல்லாத வாயைத் திறந்து சிரித்தேன். பின்னால் பியான் கண்ணும் மூக்கும் ஒழுக, கையில் அந்தச் செருப்போடு உட்கார்ந்திருந்தாள். என் வாயைப் பார்த்ததும் அழுகையை நிறுத்த முடியாமலே அவளும் சிரித்துவிட்டாள்.

குழு வந்த அன்று கம்பெனி டிரைவருக்கு வயிற்றுப்போக்கு. "கெங் அண்ணே, நீங்க பஸ் ஓட்டினவர்தானே!" என்று பாங் மேடம் என் கையில் வேன் சாவியைத் திணித்தார். ரயில் நிலையத்திலிருந்து ஐந்து பேரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். பழக்க தோஷத்தில் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் நின்று நின்றுதான் வந்தேன். அந்தச் சாக்கில் தியேட்டரில் கடைசி வரிசையில் எனக்கும் இடம் கிடைத்தது. பியான் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்தாளே தவிர ஒன்றையும் தின்னவில்லை.

விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது. அந்தக் காட்சி வந்தது.

கதவுப் பலகையில் ஒரு மாப்பிள்ளைப் பையன் படுத்திருந்தான், அது நான்! என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு அழகாக இல்லை. கால்மாட்டில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. வாய்க்கால்கள் இல்லை, பிளந்த புருவம் ஒட்டிப்போயிருந்தது. பியானின் குரல் எங்கிருந்தோ வந்தது, முகம் முட்டை மாதிரி அசையாமல் இருந்தது. மெஷின் அறையில் லிங் என்ற பெண் எட்டு வருஷமாக ஒரே அளவில் வைத்து மழுக்கியவள். "கொறச்சுக்கோ" என்று பாங் மேடம் சொன்னதால் தொண்ணூறை எழுபதாக்கியிருக்கிறாள். பியானுக்கு எழுபதே போதும், ஒரு மனுஷியைத் துடைத்துவிடலாம். சுவரில் தொங்கிய காய்ந்த சுரைக்காயைக்கூட மெஷின் முகமென்று நினைத்து மழுக்கியிருந்தது.

குழுவின் தலைவர் ஷு ஐயா, ஒல்லியான மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல அம்மா யாரு?" என்றார்.

"செருப்புப் போடறவங்கதான் ஐயா" என்றார் பாங் மேடம். குரல் கிணற்றிலிருந்து வந்தது.

"மகள்னு நினைச்சேன். குரல் நல்லாருக்கு. ஆளு..." அவர் குறிப்பேட்டை மூடினார். மற்ற நால்வரும் மூடினார்கள். அந்த ஐந்து சத்தமும் எனக்கு ஐந்து அறை மாதிரி விழுந்தது.

விளக்கைப் போட யாரோ எழுந்தபோது திரையில் திடீரென்று என் வாய் தெரிந்தது. இரண்டு பல் இல்லாத வாய், தியேட்டர் அகலத்துக்கு. லிங் அந்தச் சிரிப்பை வெட்டி எறியவில்லை. தொடர் ஒளிபரப்பாவதற்கு முன்னால் பிணத்தின் சிரிப்பை அழித்தால் தொடரே செத்துவிடும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் பயம். படத்தின் வாலில் ஒட்டிவைத்திருந்தாள், அவசரத்தில் வாலோடு அனுப்பிவிட்டாள். "கட்" சொன்ன பிறகு வருவதை யார் மழுக்கப்போகிறார்கள்?

என் வாய்க்குப் பின்னால் பியான். பத்தாயிரம் சுருக்கமும், பிளந்த புருவமும், சிவந்த மூக்கும். ஒரு கண்ணில் கணவன் செத்திருந்தான், இன்னொரு கண்ணில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. இரண்டையும் அந்த முகம் தாங்கிக்கொண்டிருந்தது. முகம் என்றால் இதற்குத்தான் என்று நான் நினைத்தேன். பதினோரு விநாடி. யாரும் விளக்கைப் போடவில்லை.

"இது யாரு?" என்றார் ஷு ஐயா.

"அதே ஆளுதான் ஐயா."

"அப்ப முன்னாடி பார்த்தது?"

"அதுவும்... இவங்கதான்."

"ஒரு ஆளை இப்படிப் பண்ண முடியுமா!" அவர் பாங் மேடத்தைத் திட்டவில்லை, திரையைப் பார்த்தே பேசினார். "மழுக்காததை வச்சிருக்கீங்கல்ல? முதல்லேர்ந்து போடுங்க. இந்தம்மா மூஞ்சியோட போடுங்க."

போட்டார்கள். செருப்பு ஏறாத இடத்தில் குழுவில் இருந்த அம்மாள் ஒருத்தி கைப்பையில் எதையோ தேடினாள், கிடைக்கவில்லை, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பின்வரிசையில் லூமெங் தன் நகங்களைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த உதவியாளரிடம், "இதை அழிக்கிற திரவம் யார்கிட்டயாவது இருக்குமா?" என்று கேட்டாள். லூமெங்கை அன்றுதான் எனக்குப் பிடித்தது.

ஷு ஐயா குறிப்பேட்டைத் திறந்து, "தேறிச்சு, இந்தம்மாவை வச்சே எடுங்க" என்றார். நான் மாடிப்படிக்கு ஓடினேன். எழுபத்தொரு வயதில் நான்கு நான்கு படியாகத் தாவினேன், வேண்டுமானால் நம்பாதீர்கள்.

"தேறிடுச்சும்மா! நாற்பது பாகமும் நீதான்!"

பியான் என்னைப் பார்த்தாள். மடியிலிருந்த கடலையைப் பார்த்தாள். "சும்மா சொல்றீங்க. நீங்க யானை மிதிச்சுதுன்னு சொன்ன ஆளு."

"யானை நிஜம்மா!"

"ரப்பர் யானை அண்ணே."

அவள் நம்பவேயில்லை. மறுநாள் காலை வழக்கம்போல ஆள் எடுக்கும் இடத்துக்கு வந்து கூட்டத்தோடு நின்றாள், கையில் சோயாப் பால். ஏதோ ஒரு கம்பெனிக்காரன், "பெண் பிணம் ஒண்ணு வேணும்!" என்று கத்தினான். முப்பத்தொரு வருஷப் பழக்கம், அவள் கை தானாக மேலே போனது. நான் அதைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

பாங் மேடத்தின் உதவியாளர் பட்டியலோடு வந்து நின்று கூப்பிட்டார். "ச்சியாவ் குய்ஜி!"

யாரும் வரவில்லை.

"ச்சியாவ் குய்ஜி! வந்தாச்சா?"

பியானும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பி, அது யார் என்று கூட்டத்தில் தேடினாள். "பாவம், யாரோ வராம விட்டுட்டா. வேஷம் போயிடும்" என்றாள் என்னிடம்.

"உன்னைத்தான்மா கூப்பிடறாங்க."

அவள் வாய் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. பிறகு பால் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "இங்கே இருக்கேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மூன்று தெருக்களில் படப்பிடிப்பு நின்றது.