மார்புயரம்

பாரத நாட்டின் வனச்செல்வத்தைக் கணக்கிடும் மகத்தான பணியில் 1958 வைகாசியில் ஒரு பொன்னாள் உதயமாயிற்று. குற்றாலத்துச் சூறைக்காற்றில் சாய்ந்த முதுமரங்கள் அனைத்தையும் அளப்பதென்று சர்க்கார் தீர்மானித்துவிட்டது. அளந்து முடியும்வரை கிளையைக்கூட எவனும் தொடக்கூடாது.

அவற்றில் ஒன்று, கிழட்டு மருதமரம், நல்லக்கண்ணுவின் காப்பிக்கடைக் கூரைமேல் கிடந்தது. சீசன் தொடங்க இருபது நாள்தான். அந்த இரண்டு மாத வியாபாரம்தான் வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சோறு.

ரேஞ்சர் ஆறுமுகநயினார் அளவு நாடாவோடு வந்தார். குள்ளமான மனுஷர். "சுற்றளவை மார்புயரத்துல எடுக்கணும். அதான் விதி."

"மரம் படுத்துல்லா கெடக்கு, ஐயா. யாரு மார்பு?"

"அளக்கிற அதிகாரி மார்பு."

சொன்னவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல், மரத்தின் அடியோடு குதிகாலைச் சேர்த்துவைத்துச் சேற்றில் மல்லாந்தார். அவர் மார்புக்கு நேரே நல்லக்கண்ணு கரியால் கோடு போட்டார்.

"அப்படியே ஒறங்கிராம பாத்துக்கிடுங்க," என்றாள் பின்னால் நின்ற நல்லக்கண்ணுவின் மனைவி முருகம்மாள்.

பதினாலு அடி. காகிதம் தென்காசிக்குப் போயிற்று. சரிபார்க்க மேலதிகாரி நாறும்பூநாதன் வந்தார். ஆறடி ஆள். அவரும் படுத்தார். மேலே போகப்போகச் சிறுக்கும் மரம். அவர் மார்புக்குப் பதிமூன்று அடிதான் வந்தது.

"ஒரு அடி மரத்தைத் தின்னது யாருவே?" என்று முறைத்தார்.

"மரந்தான் ஐயா என் கடையைத் தின்னுட்டு. மார்புன்னா இத்தன அடின்னு ஒரு கணக்கு வச்சுக்கிட்டா என்ன?"

"எனக்கே அளவு சொல்லுதீரா?"

இரண்டு அளவும் மேலிடம் போயின. சாரல் விழுந்தது. குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வந்த கூட்டம் எதிர்க்கடையில் காப்பி குடித்தது. நல்லக்கண்ணு மரத்தின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாத்தானே இருக்கீய," என்றாள் முருகம்மாள். "நீங்களும் ஒருக்கப் படுத்துப் பாருங்களேன்."

"போடி அங்கன."

ஒருவழியாக உத்தரவு வந்தது. ரேஞ்சர் எழுந்து நின்று வாசித்தார்: "இரு அளவுகளும் முரண்படுவதால் இரண்டும் தள்ளுபடி. மரத்தை முறைப்படி நிமிர்த்தி நிறுத்தி, மார்புயரத்தில் அளந்தபின் அப்புறப்படுத்தலாம்."

நல்லக்கண்ணு மரத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "யாருய்யா நிமித்துவா?"

"யானை கேட்டு எழுதியிருக்கேன்."

யானை வந்தபோது சீசன் முடிந்திருந்தது.