மம்மது தனியாகப் பார்த்த மூணாறு

கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ் நின்றபோது ஜொஹரா பிள்ளைகளுக்குச் சோடா வாங்க இறங்கினாள். திரும்பி வந்தவள் கையில் சோடா இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"ஏனுங்க, மூணாத்துல ஏரியில படகு கவுந்து ஒரு குடும்பமே போயிருச்சாமுங்க. பொறகு ஜீப்பு ஒண்ணும் பள்ளத்துல உருண்டுருக்குது. சோடாக்காரர் சொல்றாரு. உங்களுக்குத் தெரியுமா?"

மம்மதுவுக்குத் தெரியும். பாலக்காடு பெரியங்காடியில் அவருடைய அலுமினியப் பாத்திரக் கடைக்குப் பத்திரிகை வரும். படகுச் செய்தியைப் படித்த அன்று அந்தத் தாளில்தான் கிண்ணங்களைச் சுற்றி ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்தனுப்பினார். வீட்டில் வாய் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு எங்கும் போனதில்லை. இந்த எழுபத்தாறாம் வருஷக் கோடை லீவுக்குத்தான் மூணாறில் நாலு கட்டில் போட்ட அறையைச் சொல்லி வைத்திருந்தார். சொன்னால் பயணம் நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியும்.

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதே ஜொஹராவுக்குப் பதிலாகிவிட்டது.

"தெரிஞ்சும் எங்களைக் கூட்டீட்டு வந்தீங்களா? நான் வரலீங்க. பிள்ளைங்களையும் உடமாட்டேன்."

"படகுல ஏறாட்டிப் போகுது. ரூமுலயே இருந்துட்டு வரலாம்."

"ரூமுல இருக்கறதுக்கு நம்ம ஊடு போதாதா?"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூத்தவள் ருக்கியா, புது ஸ்வெட்டரைப் போட்டபடி வேர்த்துக்கொண்டு அழுதாள். மம்மதுவுக்கு அவமானமாக இருந்தது.

"அப்படின்னா நான் மட்டும் போறேன்" என்றார். அவள் தடுப்பாள் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"போங்க. உங்க இஷ்டம்" என்றாள் ஜொஹரா. பெட்டியை இழுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு எதிர்ப்பக்கம் பாலக்காடு பஸ்ஸுக்காகப் போய் நின்றாள். பஸ் நகர்ந்ததும் அவர் ஜன்னல் வழியாகக் கையசைத்தார். சின்னவன் மட்டும் பதிலுக்குக் கையசைத்தான்.

பொள்ளாச்சியில் இறங்கித் திரும்பிவிடலாம் என்று பட்டது. ஆனால் எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தையை மாற்ற ரோஷம் விடவில்லை. உடுமலைப்பேட்டையில் மலை பஸ் ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். காட்டையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை.

விடுதியில் அவரைத் தவிர விருந்தாளி யாரும் இல்லை. மேனேஜர் சாவியைக் கொடுத்துவிட்டு, "இவிடெ ஒண்ணும் பேடிக்கண்டா, பயமே வேண்டாம், எல்லாம் பத்திரமாக்கும்" என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். கேட்காமலே சொன்னது மம்மதுவின் பயத்தைக் கூட்டியது. அறையில் நாலு கட்டிலுக்கும் வெள்ளை விரிப்பு போட்டு, கம்பளிகளை மடித்து வைத்திருந்தார்கள். அவர் ஓரத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து அடுத்த கட்டிலில் உட்கார்ந்தார்.

சாப்பாடு கொண்டுவந்தது மூக்கம்மாள். விடுதிக்குச் சமைப்பவள், நாற்பதைத் தாண்டியவள். மேனேஜர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அறைவரை கேட்டிருந்தது.

"ஐயா, கறி நாங்க வெட்டுற விதம் உங்களுக்கு ஆகாதுல்ல? ரசமும் உருளைக்கெழங்கும் வச்சிருக்கேன். நாலு பேருக்குன்னு சொன்னாக. வீட்டம்மா பிள்ளைக எங்க?"

"வரலீங்க. பயந்துட்டாங்க."

"பயப்படத்தான் செய்வாக" என்று சொல்லிவிட்டு, சட்டென்று மேனேஜர் அறைப் பக்கம் பார்த்தாள். சாப்பாட்டை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் பனிமூட்டம். ஜீப் ஓட்டிகள் கடைவீதியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூப்பிட்டார்கள். அவர் ஜீப்புகளைப் பார்க்காமல் தள்ளி நடந்தார். ஒரு கடையில் டீ குடித்தார். இன்னொரு கடையில் இன்னொரு டீ குடித்தார். பேச ஆளில்லாமல் விடுதிக்குத் திரும்பி, சமையற்கட்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே மூக்கம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் படகுல போனவங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

முறம் நின்றது. "எறணாகுளத்துக்காரக. இந்த விடுதியிலதான் தங்குனாக. ஐயா, விருந்தாளிககிட்ட அதப் பத்திப் பேசக்கூடாதுன்னு உத்தரவு."

"எல்லாருமே போயிட்டாங்களா?"

"எல்லாரும்தான். அழகுத்தாயும்." அவள் குரல் மாறியது. "இங்க எங்கூட வேல பாத்தவ. கைப்பிள்ளைய வச்சுக்கிடறதுக்கு ஆளு வேணுமின்னு அந்தம்மா கூட்டிட்டுப் போனாக. போகமாட்டேன்னு சொன்னா. நான்தான், ஏட்டி, ஓசியில படகு ஏறப்போற, போயிட்டு வாயேன்னு அனுப்பி வச்சேன்."

பத்திரிகையில் குடும்பத்தினர் பெயரெல்லாம் இருந்தன. கடைசியில் 'வேலைக்காரி ஒருத்தி' என்று போட்டிருந்தது மம்மதுவுக்கு ஞாபகம் வந்தது.

"வாரவக எல்லாரும், ஏரி பயமில்லையா, ரோடு பயமில்லையான்னு கேக்காக. அவளப் பத்தி ஒருத்தரும் கேக்கல. ஒரே ரூமுலதான் ரெண்டு பேரும் கெடந்தோம். அதுக்கப்புறம் நான் அந்தத் தண்ணிப் பக்கம் தல வச்சுப் படுக்கல."

"போகணும்னு தோணலீங்களா?"

"தோணும். தனியாப் போக ஏலல."

அப்படிச் சொல்லிவிடுவோம் என்று மம்மதுவே எதிர்பார்க்கவில்லை. "நான் வர்றேனுங்க" என்றார்.

மதியம் மேனேஜர் வெளியே போனதும் புறப்பட்டார்கள். ஜீப் வேண்டாம் என்று தேயிலைச் சரிவில் நடந்தே இறங்கினார்கள். அவள் முன்னால் போக, அவர் எட்டத்தில் பின்னால் போனார். ஏரிக்கரையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மனித நடமாட்டமே இல்லை. பனி விலகி, தண்ணீர் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரையில் காடு பச்சையாக நின்றது. இவ்வளவு அழகான இடத்தை மம்மது தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அப்படித் தோன்றியது அவருக்கே கூச்சமாக இருந்தது.

மூக்கம்மாள் மடியிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்துத் தண்ணீரில் விட்டாள். "போட்டுக்கடி" என்றாள். பிறகு குந்தி உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மம்மதுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் போகவும் முடியாது, விட்டுவிட்டுத் தள்ளி நிற்கவும் மனம் வரவில்லை. வேற்று மதத்துப் பெண்ணுக்காக ஒரு முஸ்லிம் பிரார்த்திக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு கையேந்தி, தனக்குத் தெரிந்த விதத்தில் அழகுத்தாய்க்காக இறைவனிடம் கேட்டார். முடிக்கும்போது பார்த்தால் அவரும் அழுதுகொண்டிருந்தார். அது அழகுத்தாய்க்காக மட்டும்தானா என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பி ஏறும்போது மூக்கம்மாள் நின்று மூச்சு வாங்கினாள். "வீட்டுக்குப் போங்கய்யா. அந்தம்மா சோறு தண்ணியில்லாமக் கெடப்பாக."

மறுநாள் காலை பஸ்ஸில் கிளம்பினார்.

ஜொஹரா கதவைத் திறந்து, அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். உள்ளே போய் வெந்நீர் வைத்தாள். பெரியங்காடி முழுக்க விசாரித்தது. "என்ன மம்மதண்ணா, ரோடெல்லாம் எப்படி? பயமில்லையே?" ஏரியைப் பற்றி யாரிடமாவது சொல்லவேண்டும் என்று அவருக்கு நெஞ்சு நிறைய இருந்தது. எங்கே தொடங்கினாலும் மூக்கம்மாளிடம் போய் நின்றது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு ஆளில்லாத கரையில் நின்று அழுததை யாரிடம் சொல்வது? "குளிருதான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் பாத்திரங்களைத் தூசி தட்டினார்.

ஒரு வாரம் கழித்து, சோறு போடும்போது ஜொஹராவே கேட்டாள்.

"அங்க சாப்பாடெல்லாம் எப்படீங்க?"

"நல்லாத்தான் இருந்துச்சு. சமையலுக்கு ஒரு அம்மா இருந்தாங்க."

"பேரென்ன?"

"கேக்கலியே" என்றார் மம்மது.

ஜொஹரா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவர் இலையைப் பார்த்தபடி, பத்திரிகையில் போட்டிருந்த 'வேலைக்காரி ஒருத்தி'யை நினைத்துக்கொண்டிருந்தார்.