தைல மரத்துக்குப் பிடித்தவள்

“உன்ன எந்த மரத்துக்குப் புடிக்கும்?” என்று மரக்கடைக்காரர் ஒருமுறை கேட்டபோது மூத்தவளால் பதில் சொல்ல முடியவில்லை. கேள்வியில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தத் தெருவில் தச்சர்கள் மரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, மரம்தான் தச்சரைத் தேர்ந்தெடுத்தது. பிடித்தவர் கை பட்டால் மரம் பாதி எடையை விட்டுவிடும். பிடிக்காதவர் தொட்டால் இன்னொரு பாதியைக் கூட்டிக்கொள்ளும். அதனால் மரக்கடையில் தேக்கை எடை போடும் நேரத்தில், தேக்குக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் எதிர்ச்சாரியில் போய் நிற்க வேண்டும் என்று போர்டு எழுதி மாட்டியிருந்தார்கள். மொட்டை உளி என்று பேரெடுத்த பக்கத்துப் பட்டறைக்காரரைப் பலாவுக்குப் பிடிக்கும். அவர் சளி பிடித்துப் படுத்துவிட்டால் அவர் செய்த பீரோக்கள் ஊர் முழுக்க இழுப்பறையைத் திறக்க விடாமல் அடம் பிடிக்கும். மூத்தவளின் அப்பாவை வேம்புக்குப் பிடிக்கும், மாமரத்துக்கோ கட்டோடு ஆகாது. மாம்பலகையில் அவர் அடித்த ஆணி ஒன்றுகூட நேராக இறங்கியதில்லை, பாதி வழியில் வளைந்து அவரையே திரும்பிப் பார்த்தது. அவரும் மாம்பலகையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு தரப்பும் அப்படியே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

மூத்தவளின் கதை வேறு. நினைவு தெரிந்த நாள் முதல் பட்டறையிலேயே வளர்ந்தவள், ரம்பம் பிடித்தால் கோடு பிசகாது. ஆனால் அப்பா ஒவ்வொரு மரமாக அவள் கையில் கொடுத்துப் பார்த்தபோது எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தேக்கு தேக்கின் எடையிலேயே இருந்தது, வேங்கை வேங்கையின் எடையில். முன்பின் தெரியாதவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருப்போமோ அப்படி இருந்தன எல்லாம். “எந்த மரமும் உன்ன வெறுக்கலையேம்மா, அதுவே பெரிசு” என்றார் அப்பா. அவள் தலையாட்டினாள். ஒரு கட்டையாவது தன்னை வெறுத்திருக்கலாம் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

தங்கைக்கு இந்தச் சோதனையே தேவைப்படவில்லை. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கக் கொண்டுவந்து இறக்கிய ஈட்டிக் கட்டையின் மேல் சின்னவள் ஒருநாள் துண்டைக் காயப்போட வந்தாள். கட்டை தரையை விட்டு ஒரு சாண் எழும்பி அவள் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது, குனிய வேண்டாம் என்று சொல்வது போல. ஈட்டி என்றால் மரங்களிலேயே விலை கூடியது, உளியின் முனையைத் தின்றுவிடும், கைதேர்ந்தவர்களே அதைத் தொடத் தயங்குவார்கள். சின்னவளிடம் அது பூனைக்குட்டி போல நடந்துகொண்டது. அவள் வேலையோ அரைகுறை. பாதி இழைப்பாள், மீதி நேரம் மரச்சுருள் குவியலில் படுத்துத் தூங்குவாள். அவள் கோணலாக அறுத்த பொருத்துகளை ஈட்டியே உள்ளுக்குள் நெருக்கி இடைவெளியை மறைத்துவிடும். மூத்தவள் ஒரு பிளேடை எடுத்து அந்தப் பொருத்துகளில் சொருகிப் பார்ப்பாள். முனைகூட நுழையாது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அந்த மேசைகளைத் தடவித் தடவிப் பார்த்து, “சின்னப் பொண்ணு கைவேலைன்னா சும்மாவா” என்பார்கள். பக்கத்தில் நின்று விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் மூத்தவள் சீட்டைக் கட்டைவிரலால் தேவைக்கு மேல் அழுத்தித் தேய்ப்பாள்.

மூத்தவளையும் ஒரு மரம் கடைசியில் தேடி வந்தது. எதிரே ஒரு கட்டடத்துக்குச் சாரம் கட்ட தைல மரக் கம்பங்களை இறக்கினார்கள். தச்சர் யாருக்கும் பிடிக்காத மரம் அது. அறுத்த மறுநாளே முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும், பட்டறை பூராவும் தலைவலி மருந்து நாற்றம் அடிக்கும். லாரியிலிருந்து இறங்கிய கம்பங்கள் தாமாகவே உருண்டு தெருவைக் கடந்து, மூத்தவளின் காலடியில் வரிசையாகப் படுத்துக்கொண்டன. தெருவே பார்த்தது. மொட்டை உளி முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். “வந்தாச்சு பாரு மாப்பிள்ள! கல்யாணத்த வச்சிட வேண்டியதுதான்!” அன்றிலிருந்து அவளுக்குத் தைலம் என்று பேர் நின்றுவிட்டது. சின்னவளும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு உலகத்தில் பிடிக்காத மரம் ஒன்றே ஒன்று உண்டென்றால் அது தைல மரம்தான், வாசனை பட்டாலே மண்டையைப் பிளக்கும். மற்றவர்கள் சிரித்ததை மூத்தவள் ஒரு வாரத்தில் மறந்தாள். தங்கையின் சிரிப்பை மறக்கவில்லை.

தைல மரத்தின் அன்பும் சாதாரண அன்பு இல்லை. மூத்தவள் அதில் செய்து விற்ற நாற்காலிகள் போன இடத்தில் ஒழுங்காக இருக்காமல் அவள் இருக்கும் திசையைப் பார்த்து முறுக்கிக்கொண்டன. பள்ளிக்கூடத்துக்குச் செய்த பெஞ்சுகள் எல்லாம் கரும்பலகைக்கு முதுகைக் காட்டிப் பட்டறைப் பக்கம் திரும்பின, பிள்ளைகள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு பாடம் படித்தார்கள். அவள் நேரில் போய் நின்றால் போதும், பெஞ்சு நிமிர்ந்து நேராகிவிடும். அவள் தெருமுனை தாண்டியதும் மறுபடி முறுக்கும். இப்படிப்பட்ட சாமானை யார் வாங்குவார்கள்? ஆர்டர் எல்லாம் சின்னவளுக்கு வந்தது.

சின்னவள் தபால்காரரைக் கட்டிக்கொண்டு தெருவின் மறுகோடியில் குடி போனாள். நல்ல மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். வாங்கிய வீட்டுக்கு ஒரே வாசல், அதன் கதவைக் கரையான் தின்றிருந்தது. “கதவு நான் செஞ்சு தர்றேன், அக்கா சீர்னு வச்சுக்கோ” என்றாள் மூத்தவள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூத்தவள் அதுவரை செய்ததிலேயே அதுதான் அருமையான வேலை. தேக்கு நிறம் ஏற்றி, மூன்று கை பாலிஷ் கொடுத்து, கீல் சத்தம் வராமல் மாட்டினாள். சின்னவள் மோந்து பார்த்தாள். “என்னக்கா, ஒரு மாதிரி வாசன வருது?” “புது பாலிஷ்டி. ரெண்டு நாள்ல போயிடும்.” சின்னவள் நம்பினாள்.

அக்கா பட்டறைக்குத் திரும்பியதுமே கதவு அவள் பக்கம் முறுக்கி நிலையில் இறுகிக்கொண்டது. மாப்பிள்ளை தோளால் முட்டினார், எதிர்வீட்டுத் தையல்காரர் வந்து உதைத்தார், அசையவில்லை. மூத்தவளைக் கூப்பிட்டு வந்தார்கள். அவள் மூன்று வீடு தள்ளி வரும்போதே கதவு தளர்ந்து, பெருமூச்சு விடுவது போலத் திறந்துகொண்டது. உடைத்து எறிய முடியாதா என்றால் முடியாது. செய்த கைதான் பிரிக்க வேண்டும் என்பது அந்தத் தெருவின் சட்டம். ஒருமுறை டாக்டர் வீட்டில் வெளியாளை விட்டு ஒரு பலாக் கட்டிலை உடைத்ததில், தெருவிலுள்ள பலாச் சாமான் எல்லாம் ஒரு மாதம் பால் கசிந்து, உட்கார்ந்தவர்கள் ஒட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்த விஷப் பரீட்சைக்குப் போகவில்லை. “அடுத்த வாரம் கழட்டி சரி பண்ணித் தர்றேன்” என்றாள் மூத்தவள். அடுத்த வாரம் மழை வந்தது, அதற்கடுத்த வாரம் உளி மழுங்கியிருந்தது. அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

முதலில் மாப்பிள்ளை ஜன்னலில் இரண்டு கம்பியை அறுத்து வழி செய்தார். சின்னவள் சிரித்துக்கொண்டே ஏறி இறங்கினாள். வயிறு தள்ளியதும் ஜன்னல் அவளுக்கு ஒத்துவரவில்லை. குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்தபோது, வெளியே விழுந்துவிடுமோ என்று மாப்பிள்ளை முன்னைவிடத் தடித்த கம்பிகளாகப் பார்த்து மறுபடி பொருத்திவிட்டார். அதிலிருந்து மூத்தவள் காலையில் வந்து திறந்தால்தான் அவர் வேலைக்குப் போவார், மாலையில் வந்து நின்றால்தான் வீட்டுக்குள் நுழைவார். ஊரில் தபால் தாமதமாக வந்தது, ஊரும் பழகிக்கொண்டது. “தங்கச்சிக்காக ரெண்டு வேளையும் நடக்கிறா பாரு, இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பா” என்று தெரு பேசியது. அந்தப் பேச்சு மூத்தவளின் காதில் தேனாக இறங்கியது. வாழ்நாளில் முதல்முறையாக அவளைப் பார்த்து ஒன்று திறந்தது, அதைத் தெருவும் பார்த்தது.

அவளுக்கு உள்ளே வேறொரு கணக்கும் ஓடியது. காலையில் வெளியே வந்தால் மாலை வரை வீட்டுக்குள் திரும்ப முடியாது என்பதால், கைக்குழந்தைக்காரியான சின்னவள் பட்டறைக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. ஈட்டிக் கட்டைகள் தூசி படிந்து கிடந்தன. ஆளில்லாத இடத்தில் அன்பு எத்தனை நாள் நிற்கும்? தினமும் வேலை முடிந்ததும் மூத்தவள் ஒரு கட்டையின் அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்ப்பாள். ஒரு துரும்பு எடையாவது குறைந்திருக்கிறதா? குறையவில்லை, கூடவும் இல்லை. நாளைக்குக் குறையும் என்று நினைத்துக்கொண்டு கையைத் துடைப்பாள்.

அப்படி ஒரு காலையில், நடப்பதற்கு முன் கொஞ்சம் இழைத்துப் பார்ப்போம் என்று ஈட்டியை எடுத்தாள். தையல்காரர் ஓடி வந்தார். “தைலம், சீக்கிரம் வாம்மா! குழந்தைக்கு அனலா கொதிக்குது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும், கதவு திறக்கல!” இழைப்புளியின் வாயிலிருந்து கருநிறச் சுருள் நீளமாக, அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. ஈட்டி அவளுக்கு அப்படிச் சுருள் கொடுத்ததே இல்லை. “இதோ, இந்த ஓரத்த முடிச்சிட்டு வந்துடறேன்” என்றாள். அந்த ஓரம் முடிந்தபோது மதியமாகியிருந்தது. கட்டையைத் தூக்கிப் பார்த்தாள், பழைய எடைதான்.

அவள் போனபோது வாசலில் கூட்டம். யாரோ ஜன்னல் கம்பி வழியாக மருந்து கொடுத்து, காய்ச்சல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது. “பரவால்லக்கா, இப்ப தேவல” என்றார் மாப்பிள்ளை, சட்டையெல்லாம் வியர்வை. கதவு திறந்தபோது சின்னவள் அதன் உள்பக்கத்தில் கன்னத்தை வைத்து நின்றிருந்தாள். கன்னத்தில் மர ரேகை பதிந்திருந்தது. “நேரம் போனதே தெரியலடி” என்றாள் மூத்தவள். சின்னவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை ஈட்டியின் கருந்தூள் ஒட்டியிருந்தது.

அதன்பிறகு சின்னவள் வீட்டின் மற்ற இடங்களை விட்டுக் கதவடியிலேயே குடியிருக்க ஆரம்பித்தாள். முதுகைச் சாய்த்து அங்கேயே பால் கொடுத்தாள், அங்கேயே அரிசி புடைத்தாள். எண்ணெய் தொட்டு அடிப்பலகையைத் தேய்த்தாள். தலைவலி வந்தால் நெற்றியை அதிலேயே அழுத்திக்கொண்டு ஏதோ முணுமுணுப்பாள். கொஞ்ச நாளில் தலைவலி வருவது நின்றுபோனது. பாவம், வேறு போக்கிடம் இல்லை என்று நினைத்தாள் மூத்தவள். நினைக்க இதமாகத்தான் இருந்தது. மூன்று வீடு தள்ளி வரும்போதே திறந்த கதவு, பக்கத்து வீட்டு வாசலை மிதித்தபிறகு திறக்க ஆரம்பித்ததை ஈரக்காற்றின் மேல் போட்டாள். பிறகு கை வைத்தால்தான் திறந்தது. கீலுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் காலை கை வைத்தும் திறக்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தாள். கதவு சும்மா இருந்தது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஆளைப் போல. உள்ளேயிருந்து ஒரு விரல் பட்டது போல மெல்லிய சத்தம் கேட்டது, கதவு திரைச்சீலை போல விலகியது. சின்னவள் நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தை, காலில் செருப்பு. ஆணியில் தபால் பை இல்லை, மாப்பிள்ளை எப்போதோ கிளம்பிப் போயிருந்தார். “என்னடி, ஈரத்துல புடிச்சுக்கிச்சா?” என்று கேட்டுக்கொண்டே மூத்தவள் பழக்கத்தில் உள்ளே போய்ச் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் வெளியே இறங்க, கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

திரும்பி வந்து இழுத்தாள். நிலையோடு நிலையாக இறுகியிருந்தது. உள்ளங்கையால் தடவிப் பார்த்தபோது பலகை வெளிப்பக்கமாக வளைந்து போயிருந்தது தெரிந்தது, தெருவில் போகிற யாரையோ எட்டிப் பார்ப்பது போல. தைல மரம் யாரைப் பார்த்து வளையும் என்று அந்தத் தெருவில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்தாள். எதிரே தையல்காரர் மிஷினிலிருந்து தலையைத் தூக்கினார். “என்ன தைலம், இன்னிக்கு நீ உள்ளயா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

சின்னவள் பட்டறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். குழந்தை அவள் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தது. மூத்தவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். சின்னவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் வெயிலுக்குள் போய்க்கொண்டே இருந்தாள்.