தட்டில் பூத்த வெள்ளைப் பஞ்சு

“காத்துல இருந்து விழுந்ததுன்னு யாரு முடிவு பண்ணது?”

“நான்தான் டாக்டர்.”

“பண்ணிட்டு?”

“தட்டைத் தூக்கிப் போட்டுட்டேன்.”

அறுவை மருத்துவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று பரிசோதகிக்குத் தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் அது பல வருடப் பழக்கம். புண்ணிலிருந்து எடுத்த சீழை வளரவைக்கும் தட்டில் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சை முளைத்தால், “கூப்பிடாம வந்த விருந்தாளி” என்று சிரித்துக்கொண்டே குப்பையில் போடுவார்கள். பத்துக்கு ஒன்பது தடவை அது ஜன்னல் வழியாக வந்த தூசிதான். போன வெள்ளிக்கிழமைத் தட்டு தீக்காய வார்டில் இருந்த ஒரு தையல்காரியுடையது என்பதை மட்டும் அவள் கவனிக்கவில்லை. தோல் வெந்துபோன உடம்பில் சுவரும் இல்லை, கதவும் இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

நான்கே நாளில் அந்தத் தையல்காரியின் வலது கைப் புண்ணில் கறுப்புப் புள்ளிகள் படர்ந்தன. இன்று காலை மருத்துவர் புண்ணை மேலாகத் துடைத்து எடுக்காமல், சதையிலேயே ஒரு துண்டு வெட்டி அனுப்பினார். உறையவைத்துச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள் பரிசோதகி. அகன்ற நாடாக்கள் போன்ற பூஞ்சை இழைகள், உயிருள்ள சதைக்குள், ரத்தக்குழாயையே அடைத்துக்கொண்டு.

“மருந்து ஏத்திட்டுதான் இருக்கோம். ரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்து எப்படிம்மா போகும்? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம். சாயங்காலமே முழங்கைக்குக் கீழ எடுத்தாகணும்.”

மருத்துவர் போன கொஞ்ச நேரத்தில், ரத்தம் கேட்கும் சீட்டோடு தையல்காரியின் புருஷன் ஜன்னலில் வந்து நின்றான்.

“அக்கா, நீங்கதானே கண்டுபிடிச்சது? லேப்ல சொல்லலைன்னா உயிரே போயிருக்கும்னாங்க டாக்டர்.”

“தம்பி, போன வெள்ளிக்கிழமையே நான்…”

“ஊருக்கெல்லாம் ஒரே நாள்ல தைச்சுக் குடுப்பாக்கா. என் சட்டைக்கு ஒரு பட்டன் வைக்கச் சொன்னா மூணு மாசம் இழுப்பா.” சிரித்தான். சிரிப்பு பாதியில் உடைந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அவள் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

“நீங்க சொன்னா டாக்டர் கேப்பாங்க. ஊசி பிடிக்க கட்டைவிரலும் பக்கத்து விரலும் மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கக்கா. துணிய நான் பிடிச்சுக்கறேன்.”