இரண்டு மணிச் சீட்டு

என் இருபத்து நான்காவது போர் நடக்காமல் போனது ஒரு வியாழக்கிழமை. அப்போது நான் வீட்டுக் கூடத்தில், தரையில் விரித்த மெத்தையில் மல்லாந்து கிடந்தேன். முதுகெலும்பில் வட்டு ஒன்று விலகிவிட்டதாம். மூன்று வாரத்துக்குக் குனியக் கூடாது, உட்காரக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கோபப்படக் கூடாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

போர் என்றதும் பயந்துவிட வேண்டாம். நான் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் கற்பிக்கிறவன். அதில் யதார்த்தவாதி என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சி. நாடுகள் நல்லெண்ணத்தால் நடப்பதில்லை, பயத்தால் நடக்கின்றன. நாடுகளுக்கு மேலே ஒரு போலீஸ் ஸ்டேஷன் கிடையாது. அதனால் பக்கத்து நாடு ஒரு பீரங்கி வாங்கினால் நாம் இரண்டு வாங்குவோம் என்று சொல்கிறவர்கள் நாங்கள். முப்பத்து நான்கு வருடமாக இதையே பேசி, இதையே எழுதி, தொலைக்காட்சியில் சமாதானம் பேச வந்தவர்களை மட்டம் தட்டி ஒரு பெயரும் வாங்கியிருக்கிறேன். மாணவர்கள் வைத்த பெயர் 'சண்டை சார்'. என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு சத்தமாகவே சொல்வார்கள்.

அந்தப் பெயருக்குக் காரணம் ஆட்டம். ஒவ்வொரு வருடமும் இறுதியாண்டு மாணவர்களை மூன்று அறைகளில் அடைத்து, சிவப்பு நாடு, நீல நாடு, பச்சை நாடு என்று பிரித்து, பொதுவாக ஓர் ஆற்றையும் கொடுத்துவிடுவேன். மொத்தம் இரண்டு நாள். ஒரு நாடு இன்னொரு நாட்டோடு நேரில் பேசக் கூடாது. எல்லாவற்றையும் எழுதி, நடுவர் அறை வழியாக அனுப்ப வேண்டும். நடுவர் நான்தான். இருபத்து மூன்று வருடம், இருபத்து மூன்று ஆட்டம், இருபத்து மூன்று போர். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்த அட்டவணைதான் என் புதிய புத்தகத்தின் கடைசி அத்தியாயம். நான் ஓய்வு பெறுவதற்குள் அது வெளிவர வேண்டும். அட்டவணையில் இந்த வருடத்து வரி மட்டும் காலியாக இருந்தது.

நான் படுத்துவிட்டதால் இந்த வருடம் நடுவர் அறையில் உட்கார்ந்தவர் எங்கள் துறையின் இளைய விரிவுரையாளர். மனதுக்குள் அவருக்கு நான் வைத்த பெயர் வேகத்தடை. எந்தக் கூட்டம் சரியான வேகத்தில் போனாலும் "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்று குறுக்கே படுத்துவிடுவார். வியாழக்கிழமை மாலை அவர்தான் போன் செய்தார்.

"சார், ஆட்டம் முடிஞ்சிடுச்சு."

"யார் முதல்ல அடிச்சது?"

"யாரும் அடிக்கல சார். ஆத்துத் தண்ணியப் பிரிச்சுக்கிட்டு ஒப்பந்தம் போட்டுட்டாங்க. பச்சை நாடு அதுக்கு ஒரு பாட்டுகூட எழுதியிருக்கு. பாடிக் காட்டவா?"

நான் எழுந்து உட்காரப் பார்த்தேன். இடுப்பில் மின்னல் வெட்டியது. அப்படியே சாய்ந்து, கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைத் திட்டினேன். திட்டுவதற்கு அதுதான் கண்ணுக்கு நேராக இருந்தது.

வேகத்தடையின் வேலை நிரந்தரமாக வேண்டுமானால் என் கடிதம் வேண்டும். நான்கு வருடமாகத் தற்காலிகப் பணியில் இருக்கிறார். குழு அடுத்த மாதம் கூடுகிறது. கடிதத்தில் அவர் நடத்திய ஆட்டத்தைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். சரியாக நடத்தினார் என்று எழுதினால் என் கடைசி அத்தியாயம் செத்தது. சொதப்பிவிட்டார் என்று எழுதினால் அவர் வேலை போயிற்று. இரண்டு பேரில் ஒருவர்தான் பிழைக்க முடியும். இந்த மாதிரி நிலைமையைத்தான் நான் வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். பேனா வைத்திருக்கிறவன் பிழைத்துக்கொள்வான், பேனா என்னிடம் இருந்தது.

மறுநாள் அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்து, மெத்தைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். தரையில் கிடந்தபடி ஒருவரை அதட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றுதான் தெரிந்தது.

"எத்தனை சம்பவச் சீட்டு அனுப்பினீங்க?" என்று கேட்டேன். சம்பவச் சீட்டு என்றால், ஆட்டத்தின் நடுவே நடுவர் மூன்று நாடுகளுக்கும் அனுப்புகிற ஒரு வரிச் செய்தி. எல்லையில் துப்பாக்கிச் சத்தம், அணையில் விரிசல், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அதற்கு அவர்கள் பதில் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

"ஒண்ணும் அனுப்பல சார்."

"ஏன்?"

"தேவைப்பட்டா அனுப்பலாம்னுதான் விதியில இருக்கு. அவங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருந்தாங்க. தேவைப்படல."

"உலகம் அப்படிச் சும்மா இருக்காதும்மா. எங்கேயாவது ஏதாவது வெடிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

"சார், ஒரு சின்ன சந்தேகம். வெடிக்கும்னா அது தானா வெடிக்கணும் இல்லையா? நாம ஏன் பத்த வைக்கணும்?"

நல்ல வேளை, என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

அவர் போனதும் மனைவியைக் கூப்பிட்டு, பரண் மேலிருந்த ஆட்டப் பெட்டிகளை இறக்கச் சொன்னேன். சீட்டு வந்தாலும் வராவிட்டாலும் போர் வந்தே தீரும் என்று அந்தக் காகிதங்களிலிருந்தே நிரூபித்து, வேகத்தடையை வாயடைக்கச் செய்வதாக எண்ணம். படுத்துக்கொண்டு காகிதத்தைத் தலைக்கு மேல் பிடித்தால் கை வலித்தது. அதனால் அவளே படித்தாள். அவள் மருத்துவமனை மருந்தகத்தில் முப்பது வருடம் மருந்துச் சீட்டு படித்தவள். என் கையெழுத்தெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

"முதல் ஆட்டம். ரெண்டாம் நாள், மணி ரெண்டு. சிவப்பு நாட்டுப் படகு மூழ்கடிக்கப்பட்டது" என்று படித்தாள். அடுத்த பெட்டி. "ரெண்டாம் நாள், மணி ரெண்டு. நீல நாட்டுத் தூதரைக் காணவில்லை." அதற்கடுத்தது. "ரெண்டாம் நாள், மணி ரெண்டு. ஏங்க, இந்தப் படகு மறுபடியும் மூழ்குதே, போன வருஷம்தானே மூழ்கிச்சு?"

"அது வேற படகு. நீ படி."

படித்தாள். ஏழாவது பெட்டியிலும் மணி இரண்டு. பதினைந்தாவதிலும் அதே. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருக்களித்துப் படுத்தேன், முழங்காலை மடக்கினேன், மறுபடி மல்லாந்தேன். கடைசிப் பெட்டியை மூடிவிட்டு அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இருபத்து மூணு வருஷமும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு வேளை கொடுத்திருக்கீங்க" என்றாள். "அதுக்கு முன்னாடி பாதிப் பிள்ளைங்க சமாதானத்துக்கு எழுதிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. இதோ, வரைவு எல்லாம் இருக்கு."

"மத்தியானம் ஆனா பசங்க தூங்கிடுவாங்க. அஞ்சு மணிக்குள்ள முடிக்கணும். கொஞ்சம் வேகப்படுத்தினேன், அவ்வளவுதான்."

"வேகப்படுத்தினீங்கன்னு புத்தகத்துல எழுதியிருக்கீங்களா?"

எழுதவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. சீட்டு எழுதுவது எனக்கு மணி அடிப்பது மாதிரி ஒரு வேலையாகத்தான் இருந்தது. அட்டவணையில் 'போருக்குக் காரணம்' என்ற கட்டத்தில் இருபத்து மூன்று தடவை 'சர்வதேச அமைப்பு' என்று எழுதினேன். எழுதிய கையும் சீட்டு அனுப்பிய கையும் ஒன்றுதான் என்பது அந்தக் கைக்கே தெரியவில்லை.

ஆனாலும் சண்டை சார் லேசில் விடுவானா? சீட்டு இல்லாமலும் போர் வரும் என்று காட்டிவிட்டால் போதும், புத்தகம் நிமிர்ந்து நிற்கும். துறையில் இன்னொரு பிரிவு மாணவர்கள் இருந்தார்கள், ஆட்டம் ஆடாதவர்கள். வேகத்தடைக்குப் போன் செய்தேன்.

"மறுபடி நடத்துவோம். நானே நடுவர். ஒரு சீட்டுகூடப் போகாது. நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க."

"என் கடிதம் சார்?"

"ஆட்டம் முடிஞ்ச அன்னிக்கே எழுதறேன்."

மூன்று வாரம் கழித்து, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நடுவர் அறைக்குப் போனேன். என்னால் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தேன், வந்த தாள்களை நின்றபடியே படித்தேன். முதல் நாள் மூன்று நாடும் ஒன்றையொன்று நன்றாக வைதன. இரண்டாம் நாள் காலையில் நீல நாடு ஆற்றுக்கு ஒரு கூட்டுக் குழு அமைக்கலாம் என்றது. சிவப்பு நாடு யோசிக்கலாம் என்றது. பச்சை நாடு குழுவுக்கு அறையே தருவதாகச் சொன்னது. வேகத்தடை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது: இவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டால் நன்றாக இருக்குமே என்று நான் ஆசைப்படுகிறேனா? ஆமாம், ஆசைப்பட்டேன். முப்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவை.

ஒன்று நாற்பதுக்குச் சிவப்பு நாட்டிலிருந்து தாள் வந்தது. நீல நாட்டின் இரண்டு பாலங்களையும் தகர்த்துவிட்டார்கள். மூன்றாவது நிமிடம் நீல நாடு திருப்பி அடித்தது. பச்சை நாட்டுப் படையும் ஏற்கெனவே ஆற்றங்கரையில் தயாராக நின்றிருக்கிறது.

துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். யார் பக்கம் வெயில் அடிக்கிறதோ அந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறவர் அவர். "சீட்டே இல்லாம போர்! அசத்திட்டீங்க சார்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேகத்தடை தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேலை போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நேராகச் சிவப்பு நாட்டு அறைக்குப் போனேன். அதன் தலைவி சின்னப் பெண், கட்டை விரலில் மை.

"குழு அமைக்கலாம்னு ஒத்துக்கிற மாதிரிதானே இருந்தீங்க. ஏன்மா அடிச்சே?"

"மணி ஆயிடுச்சே சார்."

"எதுக்கு மணி ஆயிடுச்சு?"

அவள் தோழிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நீங்க நடுவரா இருந்தா ரெண்டு மணிக்கு ஏதாவது அனுப்புவீங்க இல்ல சார்? சீனியர்ஸ் எல்லாரும் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் யார் முதல்ல அடிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் லாபம். நீல நாட்டுக்காரங்களுக்கும் அது தெரியும். அவங்க ஒண்ணு அம்பதுக்கு அடிப்பாங்கன்னு நெனச்சோம். அதான் ஒண்ணு நாப்பது."

"இந்தத் தடவை நான் எதுவும் அனுப்பறதா இல்லையே."

"அது எங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றாள், உண்மையான ஆச்சரியத்தோடு.

வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. முதல் ஆட்டத்தில் அனுப்பிய சீட்டுக்கு அப்புறம் நான் அனுப்பவே வேண்டியதில்லை போலிருக்கிறது. ஒரு வகுப்பு அடுத்த வகுப்புக்குச் சொல்லிச் சொல்லி, அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

நடுவர் அறைக்குத் திரும்பி, நின்றபடியே கடிதத்தை எழுதினேன். இருபத்தைந்து ஆட்டங்களில் நடுவரின் கை படாத ஆட்டம் இளைய விரிவுரையாளர் நடத்திய ஒன்று மட்டுமே, துறையில் இனி ஆட்டத்தை அவரே நடத்த வேண்டும் என்று எழுதி, அவர் முன்னால் வைத்தேன். கடைசி அத்தியாயம் வேண்டாம் என்று பதிப்பகத்துக்கும் இரண்டு வரி எழுதினேன். துறைத் தலைவர் மெதுவாக நாற்காலியைத் திருப்பினார்.

வேகத்தடை கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியது. அப்புறம் வழக்கம் போல, "சார், ஒரு சின்ன சந்தேகம்" என்றார். "உங்க ஆட்டத்துல ஆடினவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை மேடையில் பெருமையடித்திருக்கிறேன்! ஒன்பதாவது ஆட்டத்தில் நீல நாட்டுக்குத் தலைமை தாங்கியவன் இன்று வெளியுறவு அமைச்சகத்தில், பக்கத்து நாட்டைக் கவனிக்கிற பிரிவில் இருக்கிறான். அதே ஆட்டத்தில் சிவப்பு நாட்டுக்கு ஆடியவன் அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து படிக்க வந்தவன். திரும்பிப் போய் அங்கே அதே மாதிரி ஒரு பிரிவில் இருக்கிறான். இருவரும் என் மாணவர்கள். எல்லையில் இந்த மாதம் கொஞ்சம் சலசலப்பு இருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள்.

அங்கேயே நின்று அமைச்சகத்துக்குப் போன் போட்டேன். இரண்டு உதவியாளர்களைத் தாண்டி அவன் வந்தான். என் குரலைக் கேட்டதும் பதறினான்.

"சார்... என்ன சார், ஏதாவது நடந்துடுச்சா?"

"ஒண்ணும் நடக்கலப்பா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எதுவும் நடக்கல, நடக்கப்போறதும் இல்ல. அந்தப் பக்கம் உன் சிநேகிதன்கிட்டயும் சொல்லு."

"புரியுது சார்" என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "போன்ல சொல்ல முடியாது, அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன் சார்."

இல்லை, இல்லை என்று நான் கத்துவதற்குள் அவன் வைத்துவிட்டான்.