கடைசிப் பக்கத்து அளவு

"பெட்டி லிஃப்டுக்குள்ள போகாதும்மா. நட்டுக்குத்தலா நிறுத்தினாத்தான் போகும்" என்று சவ வண்டிக்காரர் சொன்னதும் அம்மா அழுகையை நிறுத்தினாள்.

"அவரை நிக்க வெச்செல்லாம் கொண்டுபோக வேண்டாம். படியில தூக்கிட்டுப் போங்க."

மூன்று மாடி. ஆறு ஆள் வேண்டும். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டான். அதைப் பார்த்ததும் மகள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். அவனைத் தரதரவென்று அப்பாவின் தையல் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ தூக்கக் கூடாது. உனக்கும் குடல் இறங்கியிருக்குன்னு அண்ணி சொல்லிட்டாங்க."

"அவ வாயில ஒண்ணு தங்காதே! அது சின்னது. தானா சரியாயிடும்."

"அப்பாவும் இதைத்தானே சொன்னாரு?"

சொன்னார். பதினோரு வருஷம் சொன்னார். பேன்ட் தைப்பதில் அவரை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆளில்லை. அந்தத் திமிரில், இடுப்புப் பக்கம் எது பிதுங்கினாலும் சரிசெய்யத் தனக்குத் தெரியும் என்று நம்பிவிட்டார். அடிவயிற்றோரம் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்ததைப் பஞ்சு வைத்த பெல்ட் ஒன்று தைத்து அமுக்கிக் கட்டிக்கொண்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், "அது தசையில விழுந்த ஓட்டைப்பா. தைலமும் பெல்ட்டும் அதை மூடாது. ஆபரேஷன்ல தைச்சாத்தான் மூடும்" என்று தொண்டைத் தண்ணி வற்றச் சொன்னாள். "எனக்கே தையல் சொல்லித்தர்றியா?" என்று சிரித்தார் மனுஷன். போன வாரம் குடல் அந்த ஓட்டையில் மாட்டிக்கொண்டது. வலியில் துடித்தார், வாந்தி எடுத்தார், அதற்கும் வாயு என்று பெயர் வைத்து இரண்டு நாளைத் தள்ளினார். மூன்றாம் நாள் ஆபரேஷனுக்கு உள்ளே போனவர் திரும்பவில்லை. மகளுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. செத்துப்போனவரிடம் சண்டை போடவும் வழியில்லையே.

அண்ணன் அளவு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தை விரித்தான்.

"இங்க பாரு, அப்பா கையெழுத்து. இந்த ஒரு வருஷத்துல புடைப்பு ரெண்டரை இன்ச், ரெண்டேகால், ரெண்டு, போன மாசம் ஒண்ணே முக்கால். குறைஞ்சுக்கிட்டேதான் வந்திருக்கு. டேப் பொய் சொல்லுமா?"

டேப் பொய் சொல்லாது. மகள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். கதவோரம் வந்து நின்ற அம்மாவிடம், "எப்பம்மா அளப்பாரு?" என்று கேட்டாள்.

"காலையில கண்ணு முழிச்சதும். மொதல்ல நின்னுக்கிட்டு அளந்தாரு. முட்டி வலிக்குதுன்னு அப்புறம் உக்காந்துக்கிட்டு. அதுக்கப்புறம் படுத்துக்கிட்டே. இப்பக் கொஞ்ச நாளா இடுப்புக்குக் கீழ தலகாணி வெச்சு, ரெண்டு காலையும் செவுத்துல தூக்கிப் போட்டுக்கிட்டு..."

வாடிக்கையாளர் யாராவது வயிற்றைக் கொஞ்சம் எக்கினால்கூட, "நேரா நில்லுங்க, எனக்கு நிஜ அளவு வேணும்" என்று அதட்டிய மனுஷன்!

"படு" என்றாள் மகள்.

"இப்பவா?"

"இப்பவே."

துணி வெட்டும் மேசையில் அண்ணன் மல்லாந்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தொட்டுப் பாரு. இருக்கா?"

"அட, இல்லையே! போயே போச்சு!"

"எந்திரிச்சு நின்னு இருமு."

இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அண்ணன் மறுபடி புடைத்துக்கொண்ட அடிவயிற்றைப் பொத்திக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

"அப்பாவை யாரும் இப்படி இருமச் சொல்லலையே" என்றான்.

"சொன்னேன். நான் கடைக்குப் போனப்புறம் இருமுறேன்னாரு."

கூடத்துக்கு வந்ததும் சித்தப்பா, "பிள்ளை முன்னாடி வந்து பிடிப்பா" என்றார். அண்ணன் மென்று முழுங்கினான்.

"எனக்கும் குடல் இறங்கியிருக்கு சித்தப்பா. நான் தூக்கலை."

பெத்த அப்பனைத் தூக்க மாட்டானாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். சித்தப்பா அவனை முறைத்தார். முறைத்தபடியே அவர் கையும் பெட்டியின் பிடியிலிருந்து மெல்ல நழுவியது.

"உண்மையைச் சொல்லணும்னா... எனக்கும் ஆறு வருஷமா இருக்கு. உங்கப்பாதான் பெல்ட் தெச்சுக் குடுத்தாரு."

கால்மாட்டில் நின்ற கீழ்வீட்டு மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். "எனக்கும் தெச்சுத் தந்தாரு. ரெண்டு பக்கத்துக்கும் சேத்து."

வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உருப்படியா ஒரு ஆம்பளை இருக்கீங்களாய்யா இங்க?"

மகள் தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டு முன்பிடியைப் பற்றினாள். அண்ணி எதிர்ப்பக்கம் வந்தாள். பக்கத்து வீட்டு அக்காவும் அவள் தங்கையும் நடுவில் பிடித்தார்கள். வண்டிக்காரரும் வாட்ச்மேனும் கால்மாட்டில். ஆண்கள் மூவரும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அண்ணன் கீழ்ப்படியில் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனில் பேசினான்.

"ஆமாங்க, ஹெர்னியா ஆபரேஷனுக்குத்தான். இல்லைங்க, ஒரு ஆள் இல்லை. மூணு பேரு. ஆமாங்க, மூணு பேருக்குமே வேணும்."

மகள் பெட்டி மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போலாமா?" என்றாள் அண்ணி.

மகள் குனிந்து பிடியைப் பற்றினாள். அப்பா நல்ல கனம்.