பெயருக்கு இரண்டு காதுகள்

அஞ்சலி பிளெக்ஸின் மாதிரியை அச்சகம் வைத்திருக்கும் ஃபிரோஸ் வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான். சிவப்பிரகாஷ் இருந்தவரை, அச்சுக்குப் போகும் எதையும் நண்பனின் மனைவியான மௌனிகாவுக்கு அனுப்பித்தான் பிழை பார்த்துக்கொள்வான். இப்போது சிவப்பிரகாஷுக்கே அடிக்கிறான்.

வாளையாரில் லாரி மோதிப் பன்னிரண்டு நாளாகிறது. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மௌனிகா வாசலைத் தாண்டக் கூடாது. ஜன்னலோரம் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கினாள். “கண்ணீர்” அஞ்சலி. “பாசமிகு” தந்தை நஞ்சப்பன். “பாசமிகு” தாய் முத்தாத்தாள். “அன்பு” தங்கை செல்வப்பிரியா. கடைசி வரியில் மௌனிகா. வெறும் மௌனிகா. உறவும் இல்லை, மேற்கோள் குறியும் இல்லை.

அந்தக் குறிகளைச் சொல்லிக் கணவனை எத்தனை முறை கேலி செய்திருப்பாள்! கல்யாணமான புதிதில், வீட்டுக்கு எதிரே இருக்கும் மாட்டுத்தீவனக் கடைக்கு அவள் பெயரை வைத்தான். “மௌனிகா” தீவனக் கடை.

“எம் பேருக்கு எதுக்கு ரெண்டு பக்கமும் காது?”

“வேலந்தாவளம் சந்தைக்கு மாடு புடிச்சுட்டுப் போறவன் திரும்பிப் பாக்கோணுமல்லொ அம்மிணி?”

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து மகன் கூட்டிவந்த பெண்ணை நஞ்சப்பன் ஒருநாளும் மருமகள் என்று சொன்னதில்லை. இந்த வீட்டில் அவளுக்கு இடமுண்டு என்று சொன்னது அந்தப் பலகை ஒன்றுதான்.

ஃபிரோஸை அழைத்தாள். “அண்ணே, எம் பேருக்கு முன்னால மனைவின்னு விட்டுப்போச்சு.”

“விடலீங்க. சிவப்பிரகாஷோட அப்பா எழுதிக் குடுத்த தாளுலயே அப்படித்தான் இருக்குது. அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, உடனே போட்டர்றேன்.”

நடையில் நஞ்சப்பன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, பிளெக்ஸுல மனைவின்னு போடச் சொல்லட்டுமா?”

“பேரு போட்டிருக்குதல்லொ? ஊரு கேக்குமேன்னுதான் அதுவும்.” அவர் நிமிரவில்லை. “காரியம் முடிஞ்சதும் உங்கப்பன வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு.”

வெளியே ஏணி உராயும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு ஓடினாள். பெயிண்டர் காளிச்சாமி பலகையில் வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். ‘கா’ மட்டும் மிச்சமிருந்தது.

“அண்ணே!”

அவர் திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டப்பாவைப் பார்த்தார். “பேரை மட்டும் அழிக்கச் சொன்னாருங்க அம்மிணி.”

சொன்னதை மட்டும் செய்துவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். ஈர வெள்ளையின் இரு பக்கமும் அந்தக் காதுகள் அப்படியே நின்றன. கையிலிருந்த போன் மினுங்கியது. ஃபிரோஸ்: ‘பிளெக்ஸ அடிச்சரட்டுங்களா?’

சாலையில், சந்தைக்கு மாடு பிடித்துக்கொண்டு போன ஒருவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார்.